ஆர்.எஸ். மங்கலம் எப்படிப்பட்ட ஊர்? குடி வரப்போகிறோம்

வெண்ணாற்றங்கரை:
வீட்டுக்காரருக்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ். மங்கலத்துக்கு மாற்றல். வைகாசியில் குடி வருகிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடாத வயலை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வெறும் பொட்டல், கருவேலங்காடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அங்கே நெல் எப்படி விளைகிறது? குடிக்க நல்ல தண்ணீர் உண்டா? பிள்ளைகளைக் கூட்டிப்போக ஏதாவது இருக்கிறதா?

நாற்பத்தெட்டு மடை:
வாங்க சகோதரி. முழுப்பெயர் ராஜசிங்கமங்கலம், பாண்டிய ராஜா பெயர். ஊரின் பெரிய கண்மாயும், அதாவது உங்கள் பக்கத்து ஏரி மாதிரி, அவர் வெட்டியது என்றுதான் இங்கே சொல்வோம். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள், ஒரே மூச்சில் நாரைகூடத் தாண்ட முடியாத அகலம், கரை நெடுக 48 மடை. உங்கள் பக்கம் ஆற்றுத்தண்ணீர் வந்ததும் நாற்று விடுவீர்கள், இங்கே ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். மழையில் முளைத்து மழையிலேயே வளரும். மார்கழியில் மழை விட்டுவிடும், பயிர் பால் பிடிக்கிற நேரம், அப்போது ஒரு தண்ணீர் கிடைக்காவிட்டால் அத்தனையும் பதர்தான். அந்த ஒரு தண்ணீருக்காகத்தான் இவ்வளவு பெரிய கண்மாய். தையில் அறுப்பு, ஒரே போகம். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் புகுந்து மண்மேடு தட்டிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஒழுங்காகத் தூர் வாரினாலே கடைமடை வரை பாயும்.

மிளகாய்க்களம்:
நெல்லோடு நிறுத்திவிட்டீர்களே அண்ணே, நம்ம குண்டு மிளகாயை யார் சொல்வது? அக்கா, மாசி, பங்குனியில் எந்தப் பக்கம் போனாலும் களத்தில் செக்கச்செவேலென்று வற்றல் காயும். இதற்குத்தான் ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழம்புக்கு அதைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் நீட்டு மிளகாயைத் தொட மாட்டீர்கள். குடிதண்ணீர்தான் கஷ்டம், நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வீடு பார்க்கும்போது முதலில் தொட்டி எவ்வளவு பெரிது என்று கேளுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொண்டிக்காரன்:
பிள்ளைகளுக்கு என்றால் காரங்காடுதான். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப்போவார்கள். உப்பூரில் வெயிலுகந்த விநாயகர், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணம் என்கிற நவக்கிரகக் கோயில், ஓரியூரில் 1693இல் உயிர்நீத்த கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) திருத்தலம், எல்லாம் இந்தப் பக்கமே. மீனுக்குத் தொண்டி வாங்க.

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. நாங்கள் வருகிற வைகாசியில் கண்மாய் காய்ந்துதான் கிடக்குமா?

நாற்பத்தெட்டு மடை:
பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும், உள்ளே ஆடு மாடு மேயும். அதைப் பார்த்து ஊரை எடை போட்டுவிடாதீர்கள். கார்த்திகையில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை பிள்ளைகளோடு கரையில் ஏறிப் பாருங்கள், எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது.