பச்சைமரக் கிண்ணம் வெடித்தது ஏன்?

கேள்வி: புதிதாக வெட்டிய பூவரசங்கட்டையில் 20 செ.மீ. அகலக் கிண்ணம் ஒன்றைக் கடைசல் இயந்திரத்தில் ஒரே மூச்சில் கடைந்து வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாள், தடித்த அடியிலிருந்து விளிம்பு வரை மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடிவிட்டது. எங்கே தவறினேன்?

பதில் 1: வெயில்தான் முதல் தவறு, ஐயா. மரம் ஆண்டுவளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ 2 மடங்கு என்பதால், வேகமாக உலர்ந்தால் அது பிளந்துகொள்ளும். முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 செ.மீ. கனம் விட்டு, சுவரும் அடியும் ஒரே அளவாக இருக்கும்படி கடையுங்கள். பிறகு காகிதப் பையில் இட்டு நிழலில் வைத்து, எடை குறைவது நின்றபின் மறுபடி கடையுங்கள்.

பதில் 2: கட்டையின் நடுமையம் அடியில் தெரிகிறதா? அதை நீக்காமல் கடைந்தால் பொறுமையும் காப்பாற்றாது.

கேட்டவர்: தெரிகிறது, நன்றி. அடுத்த கட்டையை நடுவில் பிளந்தே தொடங்குகிறேன்.