பவர் ஃபுல்லா வச்சும் மெஷ்ல கேமரா நிக்குது, உதவுங்க

தோப்புக்காரன்: தோப்புல வைஃபை மெஷ் (ஒண்ணுக்கொண்ணு சிக்னல் கடத்துற ரவுட்டர் வரிசை) போட்டேன், ரெண்டு நாள் ஓடுச்சு, வேகம் பத்தலன்னு எல்லா ரவுட்டர்லயும் பவரை ஃபுல்லா ஏத்தினேன், அதுலேர்ந்து மோட்டார் ரூம் கேமரா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா சுத்திக்கிட்டே நிக்குது. சிக்னல் ஃபுல்லாதான் காட்டுது. அவசரம், ராத்திரில மோட்டார் ஒயரை அறுத்துட்டுப் போறானுங்க.

செல்வா_நெட்: எத்தனை நோடு (மெஷ் ரவுட்டர்)? என்ன சேனல்? தூரம்?

கொங்கு_மணி: தென்னை மட்டைதானுங்க. ஈர ஓலை சிக்னலைக் குடிச்சிரும். ஆன்டெனாவை மட்டைக்குக் கீழ இறக்குங்க.

ஆர்எஃப்_அண்ணாச்சி: தம்பி, தேடிப் பாத்துட்டு கேக்கணும். பவர் ஏத்தினா வேகம் வரும்னு எந்த வாத்தியார் சொன்னாரு? பவரை அளக்குற டிபிஎம் கணக்குல 20ன்னா 100 மில்லிவாட், 3 ஏத்தினா ரெண்டு மடங்கு. ரவுட்டர் கத்துறது கேமராவுக்குக் கேக்கும், கேமரா பேசுறது ரவுட்டருக்குக் கேக்கணுமே, அதோட பவர் ஏறலையே.

தோப்புக்காரன்: சாரி. 4 நோடு, ஓபன் டபிள்யூஆர்டி (ரவுட்டர் மென்பொருள்), 802.11எஸ் (மெஷ் முறை). வீடு, மாட்டுக்கொட்டாய், களம், மோட்டார் ரூம், வரிசையா 60 மீட்டர் இடைவெளி. 2.4 கிகா, சேனல் 6, கேமராவும் அதுலயே. பவர் 20.

செல்வா_நெட்: மோட்டார் ரூம் நோடுல எது எது எவ்ளோ சிக்னல்ல கேக்குது?

தோப்புக்காரன்: களம் -58, கொட்டாய் -73, வீடு -84.

செல்வா_நெட்: அந்த வீட்டு நோடுதான் பிரச்சனை. பவர் ஏத்தினதும் லேசா கேக்க ஆரம்பிச்சிருக்கு, ரெண்டு ஹாப் (நோடுக்கு நோடு தாவுறது) மிச்சம்னு மெஷ் அப்பப்ப அந்த வழிக்குத் தாவுது. மைனஸ் ஏற ஏற சிக்னல் கம்மி, -84ல வேகம் படுத்துரும், ஒரு பாக்கெட் போறதுக்கு பல மடங்கு நேரம் எடுக்கும், ஒரே சேனல்ங்கிறதால அதுவரைக்கும் மத்த நோடெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கணும். மெஷ் ஆர்எஸ்எஸ்ஐ த்ரெஷோல்டை (இதுக்குக் கீழ சிக்னல் இருந்தா சேக்காதேங்கிற வரம்பு) -75ன்னு வைங்க, பவரை 14க்கு இறக்குங்க, களம் -64கிட்ட வரும், அது தாராளம்.

ஆர்எஃப்_அண்ணாச்சி: நான் சொன்னதைத்தான் சொல்றார். சரியான வழி கேபிள்தான்.

கொங்கு_மணி: வாய்க்கா வெட்டுறப்ப மம்பட்டி போட்டா? இடி விழுந்தா நாலு ரவுட்டரும் போயிருமுங்க.

ஆர்எஃப்_அண்ணாச்சி: நான் சொல்றது ஃபைபர் கேபிள், கண்ணாடி இழை, அதுல இடி எப்படிய்யா போகும்?

கொங்கு_மணி: எலி கடிக்குமுங்க. எங்க தோப்புல ரெண்டு தடவை கடிச்சிருச்சு.

தோப்புக்காரன்: பவர் 14, த்ரெஷோல்ட் -75. வீடு லிஸ்ட்லயே இல்ல. ராத்திரி 9லேர்ந்து காலைல 5 வரை கேமரா ஒரு தடவைகூட நிக்கல. ரொம்ப நன்றி செல்வா.

கொங்கு_மணி: ஐப்பசி மழைல அந்த -64 எவ்ளோ ஆகுதுன்னு பாத்து எழுதுங்க, ஓலை நனைஞ்சாத்தான் தெரியும்.