லைராவின் கருவாடு எங்கே போனது? புத்தகம் படித்த பிள்ளைக்குப் படத்தைக் காட்டலாமா?

நூலாம்படை கேட்டது:

(கதையின் முடிவு வரை பேசப் போகிறேன். படிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.)

இரண்டு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் மகளுக்கு பிலிப் புல்மனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ படித்துக் காட்டினேன். பதினொரு வயது. ஆங்கிலம் தானாகவே படிப்பாள். ஆனால் நான் படித்து, நடுநடுவே தமிழில் சொன்னால்தான் கதை கேட்ட மாதிரி இருக்கிறதாம்.

அந்த உலகத்தில் மனிதரின் உயிரில் பாதி ஒரு விலங்காக வெளியே, கூடவே திரியும். அதற்குப் பெயர் டீமன். பிள்ளைகளின் டீமன் நினைத்தபடி உரு மாறும், வளர்ந்துவிட்டால் ஒரே உருவில் நின்றுவிடும். சிறுவர்களைப் பிடித்துப் போய் அவர்களிடமிருந்து டீமனை அறுத்தெடுக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அப்படி அறுக்கப்பட்ட டோனி என்ற பையனைக் கதாநாயகிச் சிறுமி லைரா ஒரு மீன் கொட்டகையில் கண்டுபிடிக்கிறாள். அவன் தன் டீமனை அணைத்திருக்க வேண்டிய இடத்தில், நெஞ்சோடு சேர்த்து ஒரு காய்ந்த மீனைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

நான் யோசிக்காமல் “கருவாடு” என்றேன். மகள் சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டில் கருவாடு என்றாலே ஒரு கேலி உண்டு, வறுக்கிற அன்றைக்கு எல்லா ஜன்னலும் திறந்திருக்கும். ஆனால் அடுத்த பக்கங்களில் டோனி செத்துப்போகிறான். அவன் கையிலிருந்த மீனை யாரோ எடுத்து நாய்க்குப் போட்டுவிடுகிறார்கள். லைரா ஆத்திரப்பட்டுக் கத்துகிறாள். பிறகு ஒரு தங்கக் காசில் அவனுடைய டீமனின் பெயரைக் கத்தியால் கீறி அவன் வாயில் வைக்கிறாள். சிரித்த பிள்ளை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிம்மா” என்றாள்.

புத்தகம் முடிந்த சனிக்கிழமை, அதைப் படமாக எடுத்த ‘தி கோல்டன் காம்பஸ்’ஸைப் போட்டோம். கொட்டகைக் காட்சி வந்தது. டோனி இல்லை, பில்லி இருந்தான். கையில் ஒன்றுமில்லை. அவனைக் கூட்டிப் போய் அவன் அம்மாவிடம் விட்டார்கள். மகள் என் பக்கம் திரும்பி, “கருவாடு எங்கேம்மா?” என்றாள். கடைசியில் எல்லாரும் பலூனில் ஏறிச் சந்தோஷமாகப் போகிறார்கள், திரையில் பெயர்கள் ஓடுகின்றன. புத்தகத்தின் முடிவில் லைராவின் தோழன் ரோஜர் செத்துப்போவான். “ரோஜர் இன்னும் சாகலையே, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அடுத்து ‘நெவர் எண்டிங் ஸ்டோரி’ ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம். பள்ளித் தோழிகளோ பெர்சி ஜாக்சன் படத்தைப் பார்க்கச் சொல்கிறார்களாம். படம் முதலிலா, புத்தகம் முதலிலா, இல்லை படமே வேண்டாமா? “இரண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்காது” என்ற பதில் வேண்டாம், அது எனக்கும் தெரியும். வெட்டத்தான் வேண்டும். எதை வெட்டக் கூடாது? அதைத்தான் கேட்கிறேன்.

---

கரடிப்பிடி:

அக்கா, உங்கள் மகளுக்கு நான் பதில் சொல்கிறேன். ரோஜர் சாவதையும், லைராவின் அப்பா அஸ்ரியல் பிரபு வானத்தைப் பிளப்பதையும் படம் பிடித்தார்கள். நிஜமாகவே பிடித்தார்கள். புத்தகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களும் எடுக்கப்பட்டு, இரண்டாம் படத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஓரம் கட்டப்பட்டன. இரண்டாம் படம் வரவே இல்லை. நாளைய விருந்துக்குப் பாயசத்தை எடுத்து வைத்துவிட்டு, இன்றைக்குப் பந்தியில் பாதியிலேயே இலையை எடுத்த கதை.

2007 டிசம்பரில் வந்த படம். செலவு சுமார் 18 கோடி டாலர், அமெரிக்காவில் வசூல் 7 கோடி சொச்சம். வெளிநாடுகளில் நன்றாகவே ஓடியது, ஆனால் அந்த உரிமைகளை நியூ லைன் நிறுவனம் முன்கூட்டியே விற்றுவிட்டிருந்தது. அடுத்த வருடமே அந்த நிறுவனம் வார்னருக்குள் ஐக்கியம். காட்சி ஜாலங்களுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆகவே பணமோ தொழில்நுட்பமோ குறையவில்லை.

எனக்குப் படத்தின் ஆரம்பமே பிடிக்கவில்லை. புத்தகத்தின் முதல் வரியில் லைராவும் அவளுடைய டீமனும் இருட்டிக்கொண்டு வரும் கூடத்துக்குள் போகிறார்கள், அவ்வளவுதான். டீமன் என்றால் என்னவென்று ஒருத்தரும் விளக்க மாட்டார்கள். நாமாகத் தடவித் தடவித்தான் புரிந்துகொள்ள வேண்டும். படத்திலோ முதல் நிமிடத்திலேயே ஒரு குரல் வந்து உலகங்கள், டீமன்கள், தூசி எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறது. வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

மற்றபடி எல்லா மாற்றத்தையும் நான் திட்ட மாட்டேன். கரடி ராஜா யோஃபரின் பெயரை ராக்னர் என்று மாற்றினார்கள். லைராவின் நண்பனான கரடி யோரெக், இந்த யோஃபர், இரண்டு பெயரும் காதுக்கு ஒன்று போலக் கேட்கும், மாற்றியது சரி. பிள்ளைகளைப் பிடிக்கிற கூட்டத்தின் தலைவி திருமதி கூல்ட்டருக்குப் புத்தகத்தில் கறுப்பு முடி. அந்த வேடத்தில் நிக்கோல் கிட்மனைப் பார்த்த பிறகு, முடி நிறத்தில் தப்பு தன்னுடையதுதான் என்று புல்மனே ஒப்புக்கொண்டார்.

2019-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரைக் காட்டுங்கள். முதல் பருவத்தின் கடைசியில் ரோஜரின் முடிவு இருக்கிறது. ஆனால் ராத்திரியில் வேண்டாம்.

---

சோம்பேறிப்பூனை:

‘எரகான்’ என்ற டிராகன் கதைப் படத்தின் பெயரை யாரும் எடுக்கவில்லையே என்று ஆறுதலாக இருந்தது, நானே எடுத்துவிடுகிறேன். 2006, கல்லூரி நாட்கள். பதினைந்து வயதில் ஒரு பையன் எழுத ஆரம்பித்த புத்தகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். நாலு பேருக்கு என் காசில் டிக்கெட் எடுத்தேன். புத்தகத்தில் அந்த டிராகன் குட்டியை எரகான் காட்டில் ஒளித்து, இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்து வளர்ப்பான். படத்தில் குட்டி மேகத்துக்குள் பறந்தது, ஒரு மின்னல், பெரிய டிராகனாக இறங்கிவிட்டது. “டவுனுக்கு பஸ் ஏறிப் போய் வயசுக்கு வந்துட்டு வந்திருக்கு” என்றான் ஒருவன். இன்றைக்கும் என்னை எங்கே பார்த்தாலும் டிக்கெட் காசைத் திருப்பித் தரட்டுமா என்றுதான் கேட்கிறான்.

---

பனிக்காட்டுப்பனை:

தங்கச்சி, நான் இருப்பது ஜெர்மனியில். நீங்கள் ஆரம்பிக்கப் போகிற ‘நெவர் எண்டிங் ஸ்டோரி’, மிஷாயேல் எண்டே ஜெர்மனில் எழுதியது. அந்தப் புத்தகத்தை இங்கே வந்த புதிதில், பாஷை பழகுவதற்காக அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். 1979-ல் வந்தது. மூலப் பதிப்பில் எழுத்து இரண்டு நிறம். கதைநாயகச் சிறுவன் பாஸ்டியன் இருக்கிற எங்கள் உலகம் சிவப்பில், அவன் வாசிக்கிற கற்பனை உலகம் பச்சையில். நிறம் மாறினால் ஆள் எங்கே நிற்கிறான் என்று விளங்கிவிடும். ஜெர்மன் அரைகுறையாக இருந்த எனக்கு அது பெரிய உதவி.

1984-ல் வந்த படம் புத்தகத்தில் ஏறக்குறையப் பாதியோடு நின்றுவிடும். பாஸ்டியன் கற்பனை உலகத்து மகாராணிக்குப் பெயர் வைக்கிறான், பிறகு வெள்ளை டிராகனில் ஏறித் தன்னை அடித்த பையன்களைத் துரத்துகிறான், முடிந்தது. மிச்சப் பாதியில்தான் கதையின் உயிர் இருக்கிறது. அவன் விரும்பியதெல்லாம் நடக்கும், ஆனால் ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு ஞாபகம் போய்விடும். குண்டாக இருந்ததை மறக்கிறான், பள்ளிக்கூடத்தை மறக்கிறான், கடைசியில் தன் பெயரையே மறக்கிறான். ஒரு சுரங்கத்தில், மறந்துபோன கனவுகளின் படங்களுக்குள்ளே, வெள்ளை அங்கி போட்ட ஒரு மனிதனின் படம் கிடைக்கும். கையில் பல் அச்சு ஒன்று வைத்திருப்பார். அது அவனுடைய அப்பா, பல் கட்டுகிற தொழில் செய்பவர். அவனுக்கு அது யாரென்று தெரியாது. ஆனாலும் அதைப் பார்த்ததும் வீட்டுக்குப் போக வேண்டும் போல இருக்கும். அந்த இடத்தில் நான் அகராதியை மூடிவிட்டேன். எனக்கும் அப்போது ஊரில் அப்பா இருந்தார்.

எண்டேக்குப் படம் துளியும் பிடிக்கவில்லை. தன் பெயரை எடுக்கச் சொன்னார், வழக்குப் போட்டுத் தோற்றார்.

இன்னொன்று. சேற்றில் குதிரை புதைகிற காட்சியைப் பார்த்து அழாத பிள்ளை இல்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன், வடிவாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் அந்தக் குதிரை கதைக்கும். என்னை விட்டுவிட்டுப் போ என்று அதுவே சொல்லும். உங்கள் பிள்ளை கருவாட்டைத் தேடினது போல, நான் அந்தக் குரலைத் தேடினேன்.

மியூனிக்கில் படப்பிடிப்புத் தளத்தில் அந்த டிராகன் பொம்மையை வைத்திருக்கிறார்கள், ஏறி உட்காரலாம். என் இரண்டு பிள்ளைகளும் வரிசையில் நின்று ஏறினார்கள். நானும் ஏறினேன், அதை மறைப்பானேன்.

---

உப்புக்காற்று:

மேலே எல்லாரும் வெட்டியதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் மாற்றியதைப் பற்றிச் சொல்கிறேன். டயானா வின் ஜோன்ஸின் ‘ஹௌல்’ புத்தகத்தில் மந்திரவாதி ஹௌலின் நடமாடும் கோட்டையின் ஒரு வாசல் நேராக இன்றைய வேல்ஸ் நாட்டில் திறக்கும். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 2004 அனிமேஷன் படத்தில் வேல்ஸே கிடையாது, அதற்குப் பதில் போர் வந்துவிட்டது. பாதிக்கு மேல் வேறு கதை. எனக்கு இரண்டும் பிடிக்கும், எழுதியவருக்கும் படம் பிடித்திருந்தது. ஆகவே மாற்றினாலே குற்றம் என்ற கட்சியில் நான் இல்லை.

ஆனால் உர்சுலா லெ குவின்னின் எர்த்சீ மந்திரவாதிக் கதைகளை 2004-ல் தொலைக்காட்சிக்கு எடுத்தார்களே, அதை மன்னிக்க மாட்டேன். அந்த உலகில் ஒருவரின் மெய்ப்பெயர் தெரிந்தால் அவர் நம் பிடியில். உயிர் நண்பனுக்குத்தான் அதைச் சொல்வார்கள். நாயகனை ஊரார் ஸ்பாரோஹாக் என்பார்கள், மெய்ப்பெயர் கெட். தொடரில் அதைத் தலைகீழாக்கி, கெட் என்று ஊர் முழுக்கக் கூப்பிடவிட்டார்கள்! நூலின் முதுகெலும்பே பெயர்தான் என்பதைப் படித்தவர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லையா?

அப்புறம் நிறம். 1968-லேயே நாயகனைச் செம்பழுப்பு நிறத்தவனாக எழுதினார் லெ குவின். அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. பதினான்கு வயதில் நூலகத்தில் அதைப் படித்துவிட்டு, சரியாகத்தான் படித்தேனா என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மந்திரவாதிக்கு என் நிறம். தொடரில் வெள்ளைக்காரப் பையன். லெ குவின் கோபமாகக் கட்டுரையே எழுதினார்.

ரிக் ரியோர்டன் எழுதிய பெர்சி ஜாக்சன் பற்றி: படத்தைத் தள்ளிப் போடுங்கள். பையனுக்குப் புத்தகத்தில் பன்னிரண்டு வயது. அவனுக்குப் பதினாறு ஆகும்போது பலிக்க வேண்டிய ஆரூடம்தான் ஐந்து புத்தகத்தையும் இழுத்துப் போகும் கயிறு. 2010 படத்தில் அவன் ஏற்கெனவே வளர்ந்த பையன், கயிறு எங்கே கட்டுவது? 2013-ல் இரண்டாம் படத்தில் ஆரூடத்தையே இருபது வயதுக்கு நகர்த்தினார்கள். வயதைக் கூட்டாதீர்கள் என்று ரிக் ரியோர்டன் தயாரிப்பாளர்களுக்கு முன்பே எழுதியிருந்தார், பின்னாளில் அந்தக் கடிதங்களை அவரே வெளியிட்டார்.

---

நூலாம்படை:

எல்லாருக்கும் நன்றி. கரடிப்பிடி தம்பி சொன்னதை மகளிடம் சொன்னேன். ரோஜர் காட்சியை எடுத்தும் காட்டவில்லை என்பதில் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்கு. எடுக்காமலே விட்டிருந்தால் பரவாயில்லையாம்.

பனிக்காட்டுப்பனை அக்கா, புத்தகம் வந்துவிட்டது. ஆனால் எங்களுக்குக் கிடைத்த பழைய ஆங்கிலப் பிரதியில் எல்லாம் கறுப்பு மைதான், ஒரு உலகத்தைச் சாய்வெழுத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் பதிலைப் படித்துக் காட்டியதிலிருந்து சிவப்பு ஸ்கெட்ச் பேனா ஒன்று, பச்சை ஒன்று எடுத்துவைத்துக்கொண்டு, நான் படிக்கப் படிக்க ஓரத்தில் கோடு போட்டு வருகிறாள். புத்தகத்தைக் கிறுக்கிக் கெடுப்பதாக இவருக்குப் புகார். நாற்பத்திரண்டாம் பக்கம் வரை வந்திருக்கிறோம். பச்சைப் பேனா தீரப் போகிறது.