‘நைஸ்’ என்ற சொல் பற்றி ஓர் உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். ஆங்கில ‘நைஸ்’, ‘அறியாத’ என்று பொருள்படும் லத்தீன் ‘நெஸ்கியுஸ்’ பிரெஞ்சு வழியாக உருமாறி வந்தது. முதலில் அதற்கு முட்டாள்தனமான என்று பொருள். பிறகு நுணுக்கமான, துல்லியமான. 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமையான. சரி, என் குழப்பம் நம் வீட்டு நைஸில். கிரைண்டரிலிருந்து தோசை மாவைத் தொட்டு, இரு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்து, “இன்னும் நைஸா அரையணும்” என்பார் அம்மா. இது அந்த ‘நுணுக்கமான’ பொருளா, இல்லை ‘நைய அரைத்தல்’ என்ற நம் வழக்கும் சேர்ந்துகொண்டதா? இரண்டும் கலந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்புறம், ‘நைஸாக நழுவினான்’ எப்படி வந்தது? பழைய பத்திரிகையிலோ சமையல் குறிப்பிலோ பார்த்தவர்கள், ஆண்டோடு அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். உங்கள் ஊரில் மாவின் இந்தப் பதத்துக்கு வேறு சொல் இருந்தாலும் எழுதுங்கள்.