நிக்கான் கொடுத்துட்டு சின்ன கேமரா: கடையில ஃபங்கஸ்னு சொல்லி விலையக் குறைக்கிறாங்க, என்ன பண்ணலாம்?

கோபுரவாசி:
வணக்கம். பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் கழட்டி மாட்டுற பெரிய கேமரா) ரொம்ப கனம், வெளியூர் போகும்போது எடுத்துட்டே போறதில்ல. ஒரு கடையில அதை வாங்கிக்கிட்டு செகண்ட் ஹேண்ட் சோனி காம்பேக்ட் தர்றேன்னாங்க. நேத்து நேர்ல எடுத்துட்டுப் போனா லென்ஸ்ல ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கு, கேமராவும் நிறைய ஓடியிருக்குன்னு சொல்லி பேசின விலையில பாதிதான் தருவாங்களாம். கொடுத்துடலாமா? சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். சீக்கிரம் ப்ளீஸ்.

ஈரக்காற்று:
என்ன கேமரா, என்ன லென்ஸ்? சோனில எந்த மாடல்? ஃபங்கஸை நீங்க கண்ணால பார்த்தீங்களா, இல்ல கடைக்காரர் வாய்வார்த்தையா? எத்தனை ஷாட் ஓடியிருக்குன்னு எண்ணிக்கை சொன்னாரா?

பழைய நெகட்டிவ்:
மாடல் பேர் இல்லாம கேள்வி போட்டா யார் என்ன பதில் சொல்றது? மேல பின் பண்ணி வச்ச பதிவுல கேக்க வேண்டிய முறை எழுதியிருக்கு. அதைப் படிச்சிட்டு வாங்க தம்பி. என்ன எடுப்பீங்கன்னு தெரியாம கேமரா மாத்துறவங்க ஆறு மாசத்துல திரும்ப மாத்துவாங்க.

தெருவிளக்கு:
சோனியை விடுங்க. சின்ன கேமரான்னா ரிகோ ஜிஆர் 3 ஒண்ணுதான். பேட்டரியோட 257 கிராம், 33 மி.மீ. தடிமன், சட்டைப் பையில போகும். உள்ள இருக்கிறது டிஎஸ்எல்ஆர் அளவு ஏபிஎஸ்-சி சென்சார் (படம் பதியுற சில்லு), 24 மெகாபிக்சல். மேக்ரோவுல 6 செ.மீ. வரைக்கும் கிட்ட போகலாம். ஒரு பேட்டரிக்கு 200 படம்தான் கணக்கு, அதனால கூட ஒண்ணு வாங்கிக்கணும்.

ஈரக்காற்று:
தெருவிளக்கு, அது 28 மி.மீ.ல நிக்கிற லென்ஸ். ஜூம், வ்யூஃபைண்டர், ஃப்ளாஷ் எதுவும் கிடையாது. அவர் என்ன எடுக்கிறார்னே இன்னும் சொல்லலையே.

கோபுரவாசி:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுப்போச்சு. நிக்கான் டி7000, கூட வந்த 18-105 லென்ஸ். கடைக்காரர் தர்றது சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3. கோயில்தான் நிறைய எடுப்பேன், கோபுரம், சிற்பம், மண்டபம். வீட்டு விசேஷமும் கொஞ்சம். ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்குங்கிற எண்) கண்டுபிடிக்க ஒரு படத்தை ஒரு சைட்ல ஏத்தினேன், ஒண்ணும் வரல. 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் ஒண்ணு இருக்கு, அதையும் சேர்த்துத்தான் விலை பேசினது.

இரவல்கார்டு:
வாட்ஸ்அப்ல அனுப்பின படத்தை ஏத்தியிருப்பீங்க. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது உள்ள கேமரா எழுதி வைக்கிற எக்ஸிஃப் தகவலை எடுத்துடும். புதுசா ஒரு படம் எடுத்து, கார்டை லேப்டாப்ல போட்டு, எடிட் பண்ணாத அந்த ஜேபெக் ஃபைலையே பாருங்க. வேற ஒருத்தருக்கு அனுப்பணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க. எக்ஸிஃப்டூல்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுல திறந்தா ‘ஷட்டர் கவுண்ட்’னு ஒரு வரி வரும். நிக்கான் அந்த எண்ணை ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எழுதும். டி7000 ஷட்டரை நிக்கான் 1,50,000 வரைக்கும் சோதிச்சிருக்கு. அந்த எண் தெரியாம ‘நிறைய ஓடியிருக்கு’ன்னு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல.

ஈரக்காற்று:
ஃபங்கஸை நீங்களே பார்த்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. 18-105ஐ கழட்டுங்க. அது ஜி லென்ஸ், அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையுற துவாரம்) மாத்துற வளையம் இல்ல. கேமராவுல இருந்து கழட்டினதும் இதழ்கள் மூடிக்கிட்டு ஊசித்துவாரம் மாதிரி ஆயிடும். பலர் அந்த ஓட்டை வழியா பார்த்துட்டு ஒண்ணுமில்லங்கிறாங்க, இல்லன்னா அதுல தெரியுற தூசியைப் பார்த்து ஃபங்கஸ்னு பயந்துக்கிறாங்க. பின்னாடி மவுண்ட்டுக்குள்ள சின்னதா ஒரு உலோக நெம்புகோல் இருக்கும். அதை நகத்தால மெதுவா தள்ளிப் பிடிச்சா இதழ் முழுசா திறக்கும். ரூம் லைட்டை அணைச்சிட்டு முன்பக்கத்துல இருந்து போன் டார்ச்சைச் சாய்வா அடிங்க, நேரா அடிக்காதீங்க. பின்பக்கமா பாருங்க. அப்புறம் திருப்பிப் போட்டும் ஒரு தடவை.

நூல் நூலா கிளை பிரிஞ்சு சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ். தனித்தனி புள்ளின்னா தூசி, படத்துல தெரியவே தெரியாது, அதுக்காக விலை குறைக்க விடாதீங்க. சீரா பால் படர்ந்த மாதிரி இருந்தா ஹேஸ், வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது கான்ட்ராஸ்ட் விழும். ஓரத்துல வானவில் நிறத்துல வளையம் தெரிஞ்சா கண்ணாடிகளை ஒட்டின பசை விட்டுப்போச்சு, அதைச் சரிபண்ண செலவழிக்க வேண்டாம்.

ஃபங்கஸ் முன் கண்ணாடியிலயோ கடைசிக் கண்ணாடியிலயோ ஆரம்ப நிலையில இருந்தா சுத்தம் பண்ணலாம். நடுவுல இருந்தா பிரிக்கிற கூலியே அந்த லென்ஸோட பழைய விலைக்கு வந்துடும். ரொம்ப நாள் விட்டது கோட்டிங்கை அரிச்சிருக்கும், துடைச்சாலும் தழும்பு போகாது. 35ஐயும் இதே மாதிரி பாருங்க. ரெண்டும் ஒரே பையிலதானே இருந்தது?

பழைய நெகட்டிவ்:
ஃபங்கஸ் எல்லாம் அப்புறம். அடிப்படை தெரியணும். டி7000 சென்சார் 23.6 × 15.6 மி.மீ. ஆர்எக்ஸ்100ல 13.2 × 8.8. பரப்பளவுல மூணுல ஒரு பங்குகூட இல்ல. மண்டபத்து இருட்டுல அது எடுக்கிற படம் எப்படி இருக்கும்னு நானே சொல்லணுமா? கனமா இருந்தா தூக்கப் பழகிக்கணும்.

டிஎக்ஸ்வாசகன்:
ஐயா, சென்சாரை மட்டும் அளந்தா எப்படி? லென்ஸையும் சேர்த்து அளக்கணும். எஃப் எண் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம். மார்க் 3 லென்ஸ் எஃப் 1.8ல இருந்து 2.8. இவர்கிட்ட இருக்கிற 18-105 எஃப் 3.5ல இருந்து 5.6. 35 மி.மீ. ஃபிலிம் அளவோட ஒப்பிட, சோனியோட ஒரு இன்ச் சென்சாருக்குப் பெருக்கு எண் 2.7, நிக்கானுக்கு 1.5. பெருக்கிப் பாருங்க: அகலத்துல சோனிக்கு 4.9, நிக்கானுக்கு 5.3. 70 மி.மீ. கோணத்துல ரெண்டுமே ஏறக்குறைய 7.5. அதாவது கேமராவோட வந்த கிட் லென்ஸோட ஒப்பிட்டா சின்ன கேமரா ஒரு துளிகூட தோக்கல. 35 எஃப் 1.8ஐ டி7000ல போட்டாத்தான் நிக்கான் ஜெயிக்கும், அங்க வித்தியாசம் ரெண்டு ஸ்டாப்பைத் தாண்டும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் இரட்டிப்பு).

பழைய நெகட்டிவ்:
எஃப் 1.8னா எந்தக் கேமராவுல போட்டாலும் 1.8தான். லைட் மீட்டர்ல சென்சார் அளவை யாராவது கேக்குறாங்களா? ஃபிலிம் காலத்துல இருந்து இதுதான் விதி. பெருக்கிப் பாக்குறதெல்லாம் இணையத்துல கிளப்பிவிட்டது.

டிஎக்ஸ்வாசகன்:
எக்ஸ்போஷருக்கு 1.8தான், அதை யாரும் மறுக்கல. ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் (ஒளி உணர்திறன்) மாறாது. ஆனா மழையில டம்ளரும் அண்டாவும் வச்சா தண்ணி மட்டம் ஒண்ணாத்தான் ஏறும், அண்டாவுலதான் தண்ணி அதிகம். நாய்ஸ் (படத்துல தெரியுற புள்ளிப்புள்ளி) மொத்த வெளிச்சத்தைப் பொறுத்தது, மட்டத்தைப் பொறுத்ததில்ல. ரெண்டையும் கலக்காதீங்க.

தெருவிளக்கு:
அதனாலதான் ஜிஆர் சொன்னேன். ஏபிஎஸ்-சி சென்சார், எஃப் 2.8, பெருக்கினா 4.2. சோனி, 18-105 ரெண்டையும்விட அதுதான் மேல.

பழைய நெகட்டிவ்:
மீடியம் ஃபார்மட்டுல (35 மி.மீ.யைவிடப் பெரிய ஃபிலிம்) எஃப் 8 வச்சு எடுத்தவங்களுக்கு யாரும் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கல. படம் நல்லாத்தான் வந்தது.

படிக்கல்:
இந்த வாதத்துக்குத் தனி இழை போடுங்களேன். கேட்டவருக்கு வேண்டியது வேற. கோபுரம்னு சொல்லியிருக்கார், அதை யாருமே கவனிக்கல.

18-105ன்னா டி7000ல, 1.5ஆல பெருக்கி, 27ல இருந்து 157 மி.மீ. கோணம். எண் பெருசானா தூரத்துல இருக்கிறது கிட்ட வரும். மார்க் 3 வெறும் 24-70. மண்டபம், தூண், கோஷ்டச் சிற்பம் (சுவர் மாடத்துல இருக்கிறது), குழந்தை முகம் எல்லாத்துக்கும் 70 போதும். தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி இடத்துல தரையில நின்னுக்கிட்டு விமானத்து மேல் தளத்துச் சிற்பத்தை எடுக்க 70 எட்டவே எட்டாது. 20 மெகாபிக்சல் படத்தை 150 அளவுக்கு வெட்டினா 4 மெகாபிக்சல்தான் மிஞ்சும். போன்ல பாக்க போதும், பிரிண்ட்டுக்குப் போதாது.

கோபுரச் சுதை உருவம்தான் முக்கியம்னா அதே ஆர்எக்ஸ்100ல மார்க் 6 இல்லன்னா மார்க் 7 பாருங்க, ரெண்டும் 24-200. எடை 300 கிராம்தான், மார்க் 3 விட 10 கிராம் கூட. ஆனா லென்ஸ் எஃப் 2.8ல இருந்து 4.5. டிஎக்ஸ்வாசகன் கணக்குப்படி உங்க கிட் லென்ஸைவிட ஒரு ஸ்டாப் குறைவு. மார்க் 3ல இருந்த என்டி ஃபில்டரும் (வெளிச்சத்தைக் குறைக்கிறது) அதுல கிடையாது. உள்ள இருட்டா, மேல கோபுரமா, எது உங்களுக்கு அதிகம்னு பழைய படங்களைத் திறந்து ஃபோக்கல் லெங்த் பாருங்க. 18-105ல எடுத்ததுல பெரும்பாலும் 47க்குக் கீழ இருந்தா (அதுதான் சோனியோட 70) மார்க் 3 தாராளம்.

தொல்லியல் துறைக் கோயில்கள்ல ட்ரைபாடுக்கு முன்அனுமதி வேணும். அதனால கைநடுக்கம் தாங்குற ஸ்டெபிலைசேஷன் அவசியம், இந்தச் சோனி எல்லாத்துலயும் இருக்கு. சிற்பம் நகராது, 1/10 நொடியிலகூட தூண்ல சாஞ்சு நின்னு எடுக்கலாம். ஐஎஸ்ஓவை 800ஐத் தாண்ட விடாதீங்க, ரா ஃபைலா (கேமரா பதப்படுத்தாத ஃபைல்) எடுங்க.

கோபுரவாசி:
ஷட்டர் 41 ஆயிரம் சொச்சம். 35 சுத்தமா இருக்கு. 18-105ல நூல் மாதிரி இருக்கு, நடுவுல.

ஈரக்காற்று:
அப்ப கடைக்காரர் ஃபங்கஸ் சொன்னது நிஜம், ஓட்டம் சொன்னது சும்மா. 1,50,000ல 41 ஆயிரம் ஒண்ணுமே இல்ல. 18-105க்கு மட்டும் விலையக் குறைக்கட்டும். மூணையும் ஒரே தொகையா பேசாதீங்க, பாடி, 35, 18-105 தனித்தனியா விலை கேளுங்க. 35ஐத் தேடி வாங்குற ஆள் எப்பவும் உண்டு. 18-105ஐ மத்த லென்ஸோட வைக்காதீங்க. ஃபங்கஸ் வித்து காத்துல எங்கேயும் இருக்கு, அது வளர்றது ஈரத்துல. காத்துப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ள 40-50 சதவீத ஈரப்பதம் போதும். நீல ஜெல் ரோஸ் ஆனதும் சூடு காட்டித் திரும்பப் போடுங்க. புது கேமராவையும் துணிப்பையில வச்சு அலமாரில பூட்டாதீங்க.

இரவல்கார்டு:
பாடியை நேரடியா விக்க நினைச்சா விளம்பரத்துல இதை எழுதுங்க: உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கு, சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்லயும் ஆட்டோஃபோகஸ் ஓடும். 3000, 5000 வரிசை நிக்கான்ல அந்த ஆட்டோஃபோகஸ் ஓடாது, அதனால பழைய லென்ஸ் வச்சிருக்கிறவங்க இந்த பாடியைத்தான் தேடுவாங்க. கட்டைவிரல் படுற இடத்து ரப்பர் உப்பி எழும்பியிருந்தா ஃபெவிக்விக் போட்டுடாதீங்க. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பழைய பசையைத் துடைச்சு, மெல்லிய இரட்டைப்பக்க டேப் வச்சு ஒட்டுங்க, ரப்பர் ரொம்ப நீண்டிருந்தா தனியா கிடைக்குது. ரெண்டு கார்டு ஸ்லாட்டையும் காலி பண்ணிட்டுக் கொடுங்க. வாங்குறவர் ‘பணம் வர க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க’ன்னா உடனே போனை வச்சுடுங்க. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்.

படிக்கல்:
சோனியைக் கையில வாங்கும்போது பார்க்க வேண்டியது. பத்து தடவை ஆன் ஆஃப் பண்ணுங்க. லென்ஸ் நீளும்போது கரகரன்னு அரைக்கிற சத்தமோ தயக்கமோ இருந்தா வேண்டாம். ஸ்க்ரீன்ல ‘ஈ:61’, ‘ஈ:62’ன்னு ஏதாவது வந்தா உடனே திருப்பிக் கொடுங்க. அப்புறம் ஏ மோடுல (எஃப் எண்ணை நாமே வைக்கிறது) எஃப் 11 வச்சு வெள்ளைச் சுவரை எடுங்க, வைட்லயும் டெலிலயும் (ஜூமோட ரெண்டு முனையிலயும்). சாம்பல் நிறத்துல மங்கலான வட்டம் தெரிஞ்சா சென்சார்ல தூசி. லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காத்தோட உள்ள இழுக்கும். இதுல லென்ஸ் கழட்ட முடியாது, முழுசா பிரிச்சுத்தான் துடைக்கணும்.

ஸ்க்ரீனை மேலயும் கீழயும் மெதுவா திருப்பும்போது மினுக்கினா ரிப்பன் கேபிள் போகப்போகுது. மார்க் 3 வ்யூஃபைண்டர் ரெண்டு கட்டம்: பட்டனைத் தள்ளினா எழும்பும், கண் வைக்கிற பகுதியை நீங்க பின்னாடி இழுக்கணும். கீழ அமுக்கினா கேமரா அணையும், அது பழுது இல்ல. ஃப்ளாஷை விரலால பின்னுக்குச் சாய்ச்சு கூரையில அடிக்கலாம், வீட்டு விசேஷத்துக்கு அது ரொம்ப உதவும், அந்தக் கீலும் உடையாம இருக்கான்னு பாருங்க.

முக்கியமா மெனுவுல மொழி மாத்திப் பாருங்க. ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கு வந்த சோனின்னா ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும்.

பழைய நெகட்டிவ்:
மொழி விஷயம் சரியான தகவல். பில்லும் வாங்கணும், அதுல சீரியல் எண் எழுதியிருக்கணும், கேமரா அடியில இருக்கிற எண்ணோட ஒத்துப் பாக்கணும்.

கோபுரவாசி:
பழைய படம் பார்த்தேன், பாதிக்கு மேல 80லிருந்து 105. மார்க் 3 வேண்டாம்னு சொல்லிட்டேன். அதே கடையில மார்க் 6 ஒண்ணு இருந்தது, மெனு ஜப்பானிய மொழிதான், வச்சிட்டு வந்துட்டேன். 18-105ஐ அவங்ககிட்டயே கொடுத்தாச்சு. எல்லாருக்கும் நன்றி.

தெருவிளக்கு:
35ஐ வித்துடாதீங்க. மார்க் 6 கிடைக்கிற வரைக்கும் டி7000ல அதை மாட்டிக்கிட்டுப் போனா லென்ஸோட சேர்த்து ஒரு கிலோதான், மண்டபத்து இருட்டுக்கு அதுக்கு மேல வேணாம்.

டிஎக்ஸ்வாசகன்:
980 கிராம். 18-105 இருந்தப்ப 1,200.