போஸ்ட்-குவாண்டம் கிரிப்டோகிராஃபி: ‘குவாண்டம் தாங்கு மறையீட்டியல்’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

> “போஸ்ட்-குவாண்டம் கிரிப்டோகிராஃபி – குவாண்டத்திற்குப் பிந்தைய மறையீட்டியல். பிட்காயினின் மறையாக்கத்தைக் குவாண்டம் கணினி உடைக்காமல் தடுக்கும் முறை.”

நம் கலைச்சொல் பட்டியலுக்கு ஐயா முன்வைத்துள்ள இந்தப் பதிவில் சொல்லையும் விளக்கத்தையும் மாற்ற வேண்டும் என்று கருதுகிறேன். மறையீட்டியல் என்பது தகவலைப் பிறர் படிக்கவோ போலியாக்கவோ இயலாதவாறு காக்கும் துறை. ‘குவாண்டம்’ அப்படியே இருக்கட்டும். அதற்குக் குவையம், துளிமம் என்று முன்பே ஆக்கித் தந்திருக்கிறார்கள். இலங்கையில் ‘சக்திச் சொட்டெண்’ பாடநூலிலேயே ஏறிவிட்டது. ஆயினும் தமிழ்நாட்டு மாணவர் ‘குவாண்டம் எண்’ என்றே படிக்கிறார். அந்த விவாதத்தை இங்கே மறுபடி தொடங்க வேண்டாம்.

சிக்கல் ‘பிந்தைய’ என்பதில்தான். குவாண்டம் கணினிகள் (குவாண்டம் இயற்பியலின்படி இயங்கி, சில கணக்குகளைச் சாதாரணக் கணினியைவிட மிக விரைவாக முடிக்கக்கூடியவை) பரவிய பிறகு பயன்படப்போவது என்றே படிப்பவர் கொள்வார். உண்மையில் இம்முறைகள் இன்றைய சாதாரணக் கணினியில் இயங்குபவை. குவாண்டம் கணினி வலுப்பெறும் முன்பே நிறுவி முடிக்க வேண்டியவை. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் இம்முறைகளுக்கான மூன்று தரங்களை வெளியிட்டும்விட்டது. ‘குவாண்டம் மறையீட்டியல்’ என்று சுருக்கவும் இயலாது. ஒளித்துகள்களைக் கொண்டு திறவுகோலைப் பகிரும், 1984-இல் பென்னட்டும் பிராசாரும் முன்வைத்த முறை போன்றவற்றுக்கு உரிய பெயர் அது.

சென்ற மடலில் வந்த ‘குவாண்டம் காப்பு மறையீட்டியல்’ தேவைக்கு மேல் உறுதி கூறுகிறது. அத்தரங்களுக்காக அமெரிக்க நிறுவனம் நடத்திய தேர்வின் நான்காம் சுற்றுவரை வந்த ‘சைக்’ என்ற முறையை, 2022-இல் சாதாரணக் கணினியின் ஒரே செயலிக் கருவை (கோர்) கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள்; குவாண்டம் கணினி தேவைப்படவே இல்லை. ஆகவே ‘தாங்கு’ என்ற வினையைப் பரிந்துரைக்கிறேன். ‘வறட்சி தாங்கும் ரகம்’ என்று வேளாண் துறையினர் சொன்னால், அது வாடவே வாடாது என்று எந்த உழவரும் எண்ணுவதில்லை. ‘குவாண்டத்தைச் சுமக்கும்’ என்று பொருள்படாதா என்று கேட்கலாம். இடிதாங்கி என்ற சொல்லில் அந்த மயக்கம் நேரவில்லை. ஆயினும் கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் ‘குவாண்டம் தாக்குதலைத் தாங்கும்’ என்று விரித்தெழுதுவது நல்லது.

விளக்கத்தில் உள்ள பிழை இதைவிடப் பெரிது. பிட்காயின் பரிமாற்றங்கள் அனைத்தும் பதிவாகும் பொதுப் பேரேட்டில் மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது பிறர் படிக்க இயலாதவாறு மாற்றப்பட்டது, எதுவும் இல்லை. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போயிற்று என்பதை யாரும் பார்க்கலாம். பணத்திற்கு உரியவர் யார் என்பதை நிறுவுவது நீள்வட்ட வளைவுக் கணிதத்தில் அமைந்த கையொப்பம். 1994-இல் கணித அறிஞர் பீட்டர் ஷோர் தந்த படிமுறையை (அல்காரிதம்), பிழைதிருத்தத் திறனுடன் போதிய அளவில் அமைந்த குவாண்டம் கணினியில் ஓட்டினால், கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுத் திறவுகோலிலிருந்து, கையொப்பமிட உரியவர் மட்டுமே வைத்திருக்கும் தனித் திறவுகோலைக் கணித்துவிடலாம். அதன்பின் கள்வர் இடும் கையொப்பமும் உரியவர் இடும் கையொப்பமும் வேறுபடா. பல முகவரிகள் பொதுத் திறவுகோலின் சுருக்கக் குறியை (ஹாஷ்; அதிலிருந்து திறவுகோலைக் கண்டறிய இயலாது) மட்டுமே காட்டுவதால், முதல்முறை செலவிடும்வரை ஒரு மறைப்பு இருக்கிறது. 2009-இன் தொடக்கக்கால நாணயங்கள் பலவற்றிலோ திறவுகோலே பேரேட்டில் வெளிப்படையாகக் கிடக்கிறது. உரியவர் இறந்திருந்தாலோ தனித் திறவுகோலைத் தொலைத்திருந்தாலோ அவற்றைப் புதிய முகவரிக்கு மாற்ற ஆளில்லை. அந்த நாணயங்களை முடக்கிவிடலாம் என்றால், பிறர் பணத்தை முடக்க யாருக்கு உரிமை என்ற கேள்வி எழுகிறது.

எனவே விளக்கத்தில் ‘மறையாக்கத்தை உடைக்காமல்’ என்பதற்குப் பதில் ‘கையொப்பத்தைப் போலியாக இடவோ மறையாக்கத்தை உடைக்கவோ இயலாதவாறு’ என்று இருக்கட்டும். ‘குவாண்டம் தாங்கு கையொப்பம்’ என்பதைத் தனிப்பதிவாகச் சேர்க்கலாம். பிட்காயினில் இன்று ஏறத்தாழ 70 பைட்டுகளில் அடங்கும் கையொப்பம், புதிய தரங்களுள் ஒன்றான எம்.எல்.-டி.எஸ்.ஏ.-வின் மிகச் சிறிய வடிவிலேயே 2,420 பைட்டுகள் ஆகிறது என்ற குறிப்பையும் அங்கே தரலாம். மாற்றம் ஏன் மெதுவாக நடக்கிறது என்பது வாசகருக்கு அதிலேயே ஓரளவு விளங்கும்.

மறையாக்கத்தின் கவலை மருத்துவப் பதிவுகள், அரசுத் தொடர்புகள் போன்றவற்றைச் சார்ந்தது. அவற்றை மறையாக்கிய நிலையிலேயே இன்று கவர்ந்து சேமித்து, குவாண்டம் கணினி வந்தபின் படிப்பதை ‘ஹார்வெஸ்ட் நவ், டிக்ரிப்ட் லேட்டர்’ (இன்று அறுவடை செய், பின்னர் மறைநீக்கு) என்கிறார்கள். இதில் ‘அறுவடை’யைக் கொண்டுவந்தால் விதைத்தவரே அறுத்ததாகிவிடும், நடப்பதோ களவு. ‘கவர்ந்துவைத்து உடைத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன், சற்று நீளமாகவே இருக்கிறது. இதைவிடச் சுருக்கமான சொல் எவரிடமேனும் இருந்தால் எழுத வேண்டுகிறேன்.