படகு இல்லாதவரின் இழப்பை எந்தப் பட்டியலில் எழுதுவது?

கேள்வி (களப்பணியாளர், எண்ணூர்)

சமூகப்பணி முதுகலை முடித்து நான்கு ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவியது பலருக்கு நினைவிருக்கும். நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர்கள் முதலில் கேட்டது படகு எண்ணையும் மீனவர் சங்க அட்டையையும். நான் பழகும் இருளர் அக்காவிடம் இரண்டும் கிடையாது. இடுப்பளவு நீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடையான பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டே நகர்வார். எண்ணெய் வந்த வாரம் அவர் உதட்டோரம் வெந்திருந்தது. "கயிறெல்லாம் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது, பறியை வேறு எதில் பிடிப்பேன்?" என்றார்.

அவருக்கு மன ஆறுதல் சொல்லி, ஆலோசனைப் பதிவேட்டை நிரப்பும்படி எனக்கு உத்தரவு. அவர் இழந்தது பிழைப்பை. நான் எங்கே தொடங்குவது?

பதில் (நாகப்பட்டினம்)

தங்கையே, 2004 சுனாமிக்குப் பிறகு நாங்களும் இதில்தான் முட்டிக்கொண்டு நின்றோம். படகுக்கும் வலைக்கும் கணக்கு இருந்தது, கூடை சுமந்து மீன் விற்ற பெண்களுக்கு இல்லை. ஒரு நோட்டு போடுங்கள். எந்த ஓதத்தில் (கடல்நீர் ஏற்ற இறக்கத்தில்) இறங்கினார், எத்தனை கிலோ, யாரிடம் என்ன விலைக்குப் போட்டார், எண்ணெய் வருவதற்கு முன் எவ்வளவு கிடைத்தது, எல்லாம் எழுதுங்கள். வாங்கும் வியாபாரி கையெழுத்திட வேண்டும். அதற்குத்தான் நாளாகும். ஒருவரிடம் நாங்கள் பதினோரு தடவை நடந்தோம்.

பதில் (வழக்கறிஞர்)

தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, 15ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். தொழில் இழப்பும் அதில் சேரும். சம்பவம் நடந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனு போக வேண்டும், அதாவது 2028 டிசம்பருக்குள். நோட்டு தயாரானால் தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்

நோட்டு தொடங்கிவிட்டேன். அக்கா தேதி சொல்வதில்லை, "அமாவாசை கழிந்து மூன்றாம் நாள்" என்கிறார். நான் நாட்காட்டியைப் பார்த்துத் தேதி போடுகிறேன். இப்போது ஒன்பது பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். வியாபாரி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாளை விடியற்காலை, அவர் தராசை எடுத்து வைப்பதற்குள் போய் நிற்கிறேன்.